சினை என்று எழுதிய காலை

ட்ரூடி லின்ட்னருக்கு அந்த வட்டாரத்தில் மூவாயிரம் பசுக்களை உள்ளே தெரியும். முகத்தைக் காட்டிக் கேட்டால் ஒன்றைக்கூட அடையாளம் சொல்லத் தெரியாது. வேலை அப்படி. வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தோள்வரை நீளும் பிளாஸ்டிக் உறை போட்ட இடது கையை உள்ளே விட்டு, கர்ப்பப்பையின் வாயைத் தடவிக் கண்டுபிடித்து, வலது கையால் சினை ஊசி போடுவாள். முப்பத்திரண்டு நாள் கழித்து வந்து, நின்றிருக்கிறதா என்று ஸ்கேன் கருவியால் பார்த்துச் சொல்வாள். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. பின்பக்கமாகவே வந்து பின்பக்கமாகவே போய்விடுகிறவளுக்கு முகம் எதற்கு?

விஸ்கான்சினில் அந்த மேட்டு நிலம் முழுக்கப் பால் பண்ணைகள். அங்கே அவளுக்குப் பெரிய பேர். "ட்ரூடி கை பட்டா வேலிக்கம்புகூடச் சினை பிடிக்கும்யா!" என்று வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூடும் ஆண்கள் பீர் குவளையைத் தூக்கிக்கொண்டு சொல்வார்கள். சொல்லி முடித்த பிறகுதான், பதினோரு வருஷமாக முயன்றும் அவளுக்குப் பிள்ளை இல்லை என்பது அவர்களுக்கு ஞாபகம் வரும். உடனே அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பனிப்பொழிவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

பெண்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். பேச்சை மாற்ற மாட்டார்கள், நெருங்கி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். "நீ ரொம்ப யோசிக்கிறடி, அதான். பேசாம ரெண்டு பேரும் புளோரிடா பக்கம் ஒரு வாரம் போய்ட்டு வாங்க." "எங்க சித்தி பொண்ணு தத்தெடுத்தா பாரு, மூணே மாசம், தானா உண்டாயிட்டா!" "உனக்கென்னம்மா, நிம்மதியாத் தூங்குற. எங்க வீட்டுக் குரங்குகள்ல ரெண்ட வேணும்னா கூட்டிட்டுப் போயேன்." இந்த ஆறுதல்களை எல்லாம் ஒரு வண்டியில் ஏற்றினால் அச்சு முறிந்துவிடும். ட்ரூடி எல்லோரிடமும் சிரிப்பாள். வீட்டுக்குப் போகும் வழியில் தாடை வலிக்கும்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. மேடிசனில் உள்ள ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், நான்கு முறை கரு வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மளிகைக் கடையில் குழந்தைச் சாமான் இருக்கும் வரிசையைத் தவிர்ப்பதற்காக நாய்த் தீனி வரிசையைச் சுற்றிக்கொண்டு போவாள். அவள் வீட்டில் நாய் கிடையாது. நாத்தனார் மூன்றாவதாக உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்று, பிக்கப் வண்டியைத் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்கவும் தோன்றாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அழுகை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாப்பாட்டில் உப்பிருக்கிறதா இல்லையா என்றுகூட நாக்குச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் ஒரு தாள் கொடுப்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தீர்கள், எத்தனை நாள் தூக்கம் வரவில்லை, உங்களால் யாருக்கும் பயனில்லை என்று எத்தனை நாள் தோன்றியது. ட்ரூடி எல்லாக் கேள்விக்கும் 'ஒரு நாளும் இல்லை' என்ற கட்டத்தில் அழகாக டிக் அடித்துக் கொடுத்துவிடுவாள். டிக் அடிப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம். நர்சுகளும் நம்பிவிடுவார்கள். கையெழுத்து அவ்வளவு நேராக இருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். முப்பத்திரண்டாம் நாள் ஸ்கேனில் கன்றுக்குட்டி என்பது ஒரு மொச்சைக்கொட்டை. கறுப்புத் திரையில் அந்த மொச்சைக்கொட்டையின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி துடிக்கும். நேற்று வரை எங்கேயும் இல்லாத ஒன்று, யாரையும் கேட்காமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் துடிக்கும். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது பார்க்கிறவள் அவள். ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு மூச்சு ஒரு கணம் நின்றுதான் வரும். வயிற்றெரிச்சல் இல்லையா என்றால், இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அந்தப் புள்ளி துடிக்கும்போது வயிற்றெரிச்சல்கூட வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்க்கும்.

மார்ச் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெர்லின் ஓல்ஸ்டாடின் பண்ணை வாசலில் வண்டியைத் திருப்பும்போது போன் அடித்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தாள். மேடிசன் நர்ஸ்.

"ட்ரூடி, ரொம்ப வருத்தமா இருக்கும்மா. இந்தத் தடவையும் நெகட்டிவ்தான். டாக்டர் உங்ககிட்டப் பேசணும்னு சொன்னாங்க. உங்க முட்டைய வச்சு இனிமே முயற்சி பண்றது சரியா வராதுன்னு நினைக்கிறாங்க. இன்னையோட ஊசிய நிறுத்திடுங்க. பேசுறதுக்கு யாராவது வேணும்னா இங்க ஒரு கவுன்சிலர் இருக்காங்க, நம்பர் தரட்டுமா?"

"பரவாயில்லைங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். ரொம்ப தேங்க்ஸ்." அதோடு விட்டாளா? "உங்க பக்கம் பனி உருக ஆரம்பிச்சிருச்சா?" என்று வேறு கேட்டாள். அந்தப் பக்கம் நர்ஸ் என்ன சொல்வதென்று தெரியாமல், "கொஞ்சம் கொஞ்சமா..." என்றாள். ஊர்ப் பழக்கம். வீடு பற்றி எரிந்தாலும், தீயணைக்க வந்தவர்களிடம் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்கிற ஜனம் அது.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராகக் கொட்டகைக்குள் போனாள். நாற்பது பசுக்கள் இரும்புச் சட்டத்துக்குள் தலையைக் கொடுத்து வரிசையாகத் தீனி தின்றுகொண்டு நின்றன. கழுத்தில் சிறு திரையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் உறையை ஏற்றிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, வெர்லினின் தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். சினை. சினை. இல்லை. சினை. இரட்டை. இல்லை. கையும் கண்ணும் தம்பாட்டுக்கு வேலை செய்தன.

பதினெட்டாவதாக நின்றது நானூற்றுப் பதினேழாம் எண் பசு. ஐந்து முறை ஊசி போட்டாகிவிட்டது. வெர்லினிடம் ஐந்துதான் கணக்கு. ஐந்தாவதும் நிற்கவில்லை என்றால் தாளில் அந்த எண்ணுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, 'இனி ஊசி வேண்டாம்' என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகு பால் வற்றுகிற வரைக்கும் கறப்பார்கள். வற்றினால் வியாழக்கிழமை கசாப்பு லாரி வரும். எல்லாப் பண்ணையிலும் உள்ள வழக்கம்தான். இப்படி நூற்றுக்கணக்கான சிவப்புக் கோடுகளை அவளே போட்டிருக்கிறாள்.

திரையில் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். வெறும் கறுப்பு. கையை வெளியே எடுத்து, உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தாள். பிறகு அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, நீலப் பேனாவால் 'சினை' என்று எழுதினாள்.

ஏன் எழுதினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பதினாறு வருஷத்தில் ஒரு தாளிலும் ஒரு பொய் எழுதியதில்லை. அன்று எழுதிவிட்டு, அடுத்த மாட்டுக்குப் போனாள். மாலையில் நானூற்றுப் பதினேழைச் சினைப் பட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

பொய் ஒன்றோடு நிற்கிற சாமான் இல்லை. அன்று மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனால், அவள் புருஷன் கர்ட் அடுப்படியில் நின்று தக்காளி சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். கர்ட் பால் லாரி ஓட்டுகிறவன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சி எடுத்து ஆலைக்குக் கொண்டுபோவான். நல்ல ஆகிருதி, குறைந்த பேச்சு. அவன் கக்கத்தில் ஒரு சின்ன மருந்துப் புட்டியைச் செருகி வைத்திருந்தான். ஹார்மோன் மருந்து, எண்ணெயில் கரைத்தது. குளிர்ந்திருந்தால் ஊசி இறங்கும்போது கல்லாக வலிக்கும் என்பதால், தினமும் அரை மணி நேரம் கக்கத்தில் வைத்துச் சூடாக்கித்தான் அவளுக்கு இடுப்பில் போடுவான். இத்தனை வருஷத்தில் எவ்வளவு போட்டிருக்கிறான் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. ஆனால் எந்த இடுப்பில் முந்தின நாள் போட்டான் என்பது எப்போதும் ஞாபகம் இருக்கும்.

வாயைத் திறந்து கேட்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல ட்ரூடிக்கு வாய் வரவில்லை. காலையில் ஒரு முறை எழுதிப் பழகிவிட்ட வார்த்தை தானாக வந்தது.

"நின்னிருக்கு" என்றாள். மாட்டுக்குச் சொல்கிற அதே வார்த்தை.

கர்ட் அடுப்பை அணைத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான். கக்கத்திலிருந்த புட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, விழுந்துவிடும் என்று பயந்தவனைப் போல மறுபடி அங்கேயே செருகினான். பிறகு கேட்டான்: "அப்ப ஊசிய நிறுத்தக் கூடாதுல்ல?"

"கூடாது."

அவள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். இல்லாத குழந்தைக்காக அவன் ஊசி போட்டான். எப்போதையும்விட மெதுவாகப் போட்டான்.

அடுத்த நாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த நாள் விடிவதற்குள் அவன் வேலைக்குக் கிளம்பும்போது, காளை விந்தை உறையவைத்திருக்கும் அவளுடைய கனத்த நைட்ரஜன் குடுவையைப் பிக்கப்பில் தூக்கி வைத்துவிட்டு, 'இதை நீ தூக்காதே' என்று துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தான். அதற்கடுத்த நாள் சொல்லலாம் என்றால், பாட்டே பாடாத மனுஷன் பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த நாள், பதினெட்டாம் தேதி மேடிசனில் இதயத் துடிப்பு பார்ப்பார்கள் அல்லவா, அன்றைக்கு லாரிக்கு வேறு ஆள் சொல்லியாகிவிட்டது என்றான். ஆறரை மணிக்கு அவள் தினமும் குப்புறப் படுத்தாள். அந்த மருந்தின் குணத்தால் மாதவிலக்கும் தள்ளிப்போனது. உடம்பே பொய்க்கு ஒத்துழைக்கிறதென்றால் மனசு என்ன செய்யும்? சில சமயம் வண்டியில் போகும்போது, நர்ஸ் வேறு யாருடைய முடிவையோ பார்த்துச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அப்படித் தோன்றுகிறதே என்று பயமாகவும் இருக்கும். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்ற அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு வெர்லின் பண்ணையில் இறங்கினாள். பால் அறைக்குப் பக்கத்தில் கர்ட்டின் லாரி நின்றது. குழாய் மாட்டியிருந்தது. கையை ஆட்டினான். "குடுவையத் தூக்கல இல்ல?" என்று அங்கிருந்தே கத்தினான். "இல்ல" என்றாள்.

கொட்டகையில் ஒத்தீலியா காத்துக்கொண்டிருந்தாள். வேராக்ரூஸிலிருந்து வந்து பதினான்கு வருஷமாக வெர்லினிடம் பால் கறக்கிறவள். அறுநூறு மாட்டுக்கும் எண் போதாதென்று, பிடித்ததற்கெல்லாம் பேர் வைத்திருந்தாள். நானூற்றுப் பதினேழின் பேர் ரெயினா. அவள் பாஷையில் ராணி என்று அர்த்தம். இடுப்பில் கைவைத்து நின்ற நிற்பிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"ட்ரூடி, இங்க வா. ரெயினா கதையக் கேளு. காலையிலேர்ந்து கத்துறா. மத்ததெல்லாம் அவ மேல ஏறுது, மகாராணி அசையாம நிக்கிறா. காளைக்கு வந்த மாடுதான் இப்படி நிக்கும், சினை மாடு நிக்குமா? என் தலை நரைச்சிருக்கே தவிர கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"சில சமயம் அப்படி இருக்கும்."

"எனக்கே பாடம் எடுக்குறியா? கருவியப் போட்டுப் பாரு. நானும் பாக்குறேன்."

மறுக்க வழியில்லை. சினைப் பட்டிக்குள் போனார்கள். முழங்கால் ஆழத்துக்கு வைக்கோல் போட்ட பெரிய திறந்த பட்டி, அறுபது மாடுகள் அவிழ்த்துவிட்டபடி. ஒத்தீலியா ரெயினாவைத் தடுப்புக் கம்பியோரம் ஒதுக்கிப் பிடித்தாள். ட்ரூடி உறையைப் போட்டுக் கையை உள்ளே விட்டாள். இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் ஒத்தீலியா.

"கலைஞ்சிருக்கும்."

ஒத்தீலியா திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "கலைஞ்சிருந்தா அசிங்கம் ஏதாவது வந்திருக்கும். இவளத் தினமும் ரெண்டு வேளை கறக்குறவ நான். வாலைத் தூக்கி நான்தான் தொடைக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கும் ஒண்ணுமில்ல. அப்படித்தானே?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் ட்ரூடி.

"உன்னை யாரு கேட்டா? நான் மாட்டப் பத்திக் கேட்டேன்."

அவ்வளவுதான். ட்ரூடி ஒரு கையில் உறையோடு, கழுத்தில் திரையோடு, வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒத்தீலியா எவ்வளவோ பார்த்தவள். தோளைத் தொட்டு, "இங்கயே இரு, எந்திரிக்காத" என்று சொல்லிவிட்டுப் பால் அறைப் பக்கம் ஓடினாள்.

இரண்டு வருஷமாக எங்கே போயிருந்ததோ, அந்த அழுகை வந்தது. அழகான அழுகை இல்லை. மூக்கும் வாயுமாக, சத்தமாக, மூச்சுத் திணறத் திணற வந்தது. நான்கு கருக்களையும் நினைத்து அழுதாள். நர்ஸிடம் பனியைப் பற்றிக் கேட்டதை நினைத்து அழுதாள். கர்ட்டின் கக்கத்தை நினைத்து அழுதாள். யாரோ நெஞ்சிலிருந்து கட்டைகளைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுவது போலிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. வெளிச்சம் குறைந்திருந்தது. குளிர் குறைந்திருந்தது. தலையைத் தூக்கினாள்.

மாடுகள் சுற்றி நின்றன. ஒன்றிரண்டு இல்லை, பட்டியிலிருந்த அத்தனையும். முன்வரிசை தலையைத் தாழ்த்திக்கொண்டு அவளைப் பார்த்தது. அதன் தோளுக்கு மேலே அடுத்த வரிசை. அதற்கும் பின்னால் காதுகள். கத்தல் இல்லை, தள்ளல் இல்லை. அறுபது மூக்கிலிருந்து வந்த மூச்சு பட்டியின் குளிரில் ஆவியாகி அவளைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. மாடுகளோடு புழங்குகிற யாருக்கும் இது தெரியும்: ஆள் நின்றால் விலகும், உட்கார்ந்தால் வந்து சூழும். ட்ரூடிக்கும் தெரியும். ஆனால் பதினாறு வருஷத்தில் அவள் ஒரு பட்டியில் உட்கார்ந்ததே இல்லை.

முதல் முறையாக முகங்களைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய கண்களா? ஒவ்வொரு கண்ணிலும் வைக்கோலில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன ட்ரூடி தெரிந்தாள். நெற்றியில் சுழி. கீழிமையில் நீண்ட வெள்ளை மயிர். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. இவர்கள் எல்லோருக்குள்ளும் கையை விட்டிருக்கிறோம், இவர்கள் வயிற்றில் துடிக்கும் புள்ளியை இவர்களே அறியுமுன் பார்த்திருக்கிறோம், ஒரு நாளும் முன்னால் வந்து வணக்கம் சொன்னதில்லையே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வளையத்துக்குள்ளிருந்து ரெயினா கழுத்தை நீட்டினாள். சொரசொரத்த நாக்கால் அவள் கன்னத்தை, உப்புக்காகத்தான், மேலிருந்து கீழாக ஒரு நக்கு நக்கினாள். சினையுள்ள ஐம்பத்தொன்பதுக்கும் சினையில்லாத ஒன்றுக்கும் முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ட்ரூடி அதைத் தேடிப் பார்த்தாள். நிஜமாகவே இல்லை. பிறகு தேடுவதை விட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ட்ரூடி!" கர்ட் கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதிக்கிற சத்தம் கேட்டது. நூற்றுப் பத்துக் கிலோ ஆள் அப்படிக் குதித்து யாரும் பார்த்ததில்லை. மாடுகள் விலகி வழிவிட்டன. முகமெல்லாம் வெளுத்துப்போய் அவள் முன்னால் மண்டியிட்டான். "உதைச்சிடுச்சா? வயித்துலயா? எங்க? அசையாத, நான் தூக்குறேன். குழந்தைக்கு ஒண்ணும் ஆவாது, அசையாத."

"கர்ட்."

"பேசாத."

"குழந்தை இல்ல, கர்ட்."

"அப்படிச் சொல்லாத. போய்ப் பாத்துருவோம்—"

"எப்பவுமே இல்ல. நர்ஸ் போன் பண்ணா. போன வாரம் செவ்வாக்கிழமையே. நான் உன்கிட்டப் பொய் சொன்னேன். இனிமே முடியாதுன்னு டாக்டரும் சொல்லிட்டாங்க. அன்னைக்குக் காலையில இந்த மாட்டுக்கும் பொய் எழுதினேன். சாயங்காலம் உன் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்ல முடியல. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் முடியல. எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் சரியில்ல. ரொம்ப நாளாவே சரியில்ல."

சொல்லிவிட்டாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். எழுந்து போய்விடுவான் என்றும் எதிர்பார்த்தாள். அவன் உதடு ஏதோ எண்ணுவது போல அசைந்தது.

"பதினோரு ஊசி" என்றான். "நான் உனக்குச் சும்மா பதினோரு ஊசி குத்தியிருக்கேன். ட்ரூடி, வலிச்சிருக்குமே."

பொய் சொன்னவள் அவள். அவன் முகத்தைப் பார்த்தால், குற்றம் செய்தவன் அவன் என்று யாரும் சொல்வார்கள். இந்த மனுஷனோடுதானா பதிமூன்று வருஷம் குடித்தனம் பண்ணினோம், இவனையும் பின்பக்கமாகவே தெரிந்துவைத்திருந்தோமா என்று திகைத்துப் போனாள்.

அதற்குப் பிறகு கோபமும் வந்தது. வராமல் இருக்குமா? அவன் எழுந்து தடுப்புக் கம்பியில் இரண்டு முறை குத்தினான். "கோவமா இருக்கு, ட்ரூடி. ரொம்பக் கோவமா இருக்கு. இத்தனை நாளும் தனியாச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சியே, நான் என்ன செத்தா போயிட்டேன்? நானும்தானே இந்த வீட்டுல இருக்கேன்?" திரும்பி வந்து அவள் பக்கத்திலேயே வைக்கோலில் உட்கார்ந்தான். விலகிப் போயிருந்த மாடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து, இப்போது இரண்டு பேரையும் சூழ்ந்துகொண்டன. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒத்தீலியா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேவையே இல்லாத இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

வெர்லினிடம் ட்ரூடியே போய்ச் சொன்னாள். பால் அறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ தப்பா எழுதினியா, தெரிஞ்சே எழுதினியா?"

"தெரிஞ்சேதான்."

அவளுடைய கண் வீங்கியிருப்பதை அவர் பார்க்காமல் இல்லை. "இப்ப எவ்வளவு கறக்குது அது?"

"ஒரு நாளைக்குத் தொண்ணூறு பவுண்டு."

"நல்ல மாடு. கோட்டப் போட்டுடு. பால் இருக்குற வரைக்கும் இருக்கட்டும்." தொப்பியை மாட்டிக்கொண்டார். "மத்த மாட்டையெல்லாம் திங்கக்கிழமை பாத்துக்கலாம். நீ வருவல்ல? உன்னை விட்டா எனக்கு வேற ஆள் கிடையாது. இன்னொரு தடவை இப்படி எழுதினா மட்டும் வேற ஆளத் தேடுவேன்."

"வருவேன்" என்றாள். சிவப்புப் பேனாவால் அந்த எண்ணுக்குக் குறுக்கே கோடு போட்டாள். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

பிக்கப்பை அங்கேயே விட்டுவிட்டு கர்ட்டின் லாரியில் ஏறிக்கொண்டாள். பின்னால் ஆறாயிரம் காலன் பால். ஆலைக்கு நாற்பது மைல். இரண்டு பக்கமும் பனி உருகி, வயலில் அங்கங்கே கறுப்பு மண் தெரிந்தது. அவன் கேட்டான், அவள் சொன்னாள். நர்ஸ் என்ன சொன்னாள் என்பதிலிருந்து ஆரம்பித்து, பின்னாலே போய், முதல் கரு நிற்காத அந்த அக்டோபர் வரைக்கும் சொன்னாள். தேவாலயத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். தான் இல்லாமல் போனால் நல்லது என்று இரண்டு மூன்று முறை தோன்றியதையும் சொன்னாள். அப்போது மட்டும் அவன் கை ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. "இத ஒரு டாக்டர்கிட்டச் சொல்லணும், ட்ரூடி. நானும் கூட வரேன்." "சரி" என்றாள்.

இருபதாவது மைலில் அவன் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான் ஒரு பேர் வச்சிருந்தேன்" என்றான்.

ட்ரூடி திரும்பிப் பார்த்தாள். "யாருக்கு?"

"பொண்ணாத்தான் இருக்கும்னு தோணிச்சு. காலையில மூணு மணிக்கெல்லாம் லாரியில தனியாத்தானே வரேன், பேசிக்கிட்டே வருவேன். இது ஹோல்ம் பண்ணை, இங்க நாய் கடிக்கும். இது ஆறு, இங்க கோடையில மீன் பிடிக்கலாம். இப்படி. பேர் இல்லாம எப்படிப் பேசுறது?"

அவளுக்கு மூச்சு நின்று வந்தது. திரையில் எந்தப் புள்ளியும் துடிக்கவில்லை. எங்கேயும், எப்போதும், அப்படி ஒருத்தி இருந்ததில்லை. ஆனாலும் அவளுக்குப் பன்னிரண்டு நாள் ஒரு அப்பா இருந்திருக்கிறான். இருட்டில் அவளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறான்.

"என்ன பேர்?"

அவன் தயங்கினான். "வில்ஹெல்மினா."

"என்னது?"

"எங்க அத்தைப் பாட்டி பேரு."

"வில்ஹெல்மினா லின்ட்னரா? கர்ட், அந்தப் புள்ள பேர எழுதி முடிக்கிறதுக்குள்ள பள்ளிக்கூடம் விட்டுடும்!" சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். லாரி லேசாக ஆடியது. சிரித்துக்கொண்டே இருக்கையில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வேறு ஒன்றாக மாறிவிட்டது. அவன் சாலையோரமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தினான். பால் லாரியை வழியில் நிறுத்துகிற வழக்கமே அவனுக்குக் கிடையாது.

"மினான்னு கூப்பிடலாம்னு இருந்தேன்" என்றான்.

"மினா" என்று ட்ரூடி ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். வாய்க்கு இதமாக இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். ஆலையில் அன்று முக்கால் மணி நேரம் பாலுக்காகக் காத்திருந்தார்கள்.